பிலோமினாவின் ஜீப் பற்றி நான் சொன்ன பொய்

மகன்,

வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போகவேண்டாம். இதை வாசித்து முடிக்கும்வரை பிலோமினாவின் ஜீப்புக்கென்று ஒரு சதமும் அனுப்பாதே. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில்தான் உனக்குப் பொய் சொன்னேன். அதே கருவியைக் காதில் வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு தரம் உன் இலக்கத்தை அழுத்தினேன். இரண்டு தரமும் நீ "அம்மா, சாப்பிட்டிட்டீங்களோ" என்று தொடங்கினாய். நான் மழையைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன். ஆகவே மேசையில் இருந்து எழுதுகிறேன். முடிந்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவேன். உன் மனைவியிடமும் கொடு. அந்த ஜீப்பின் பின் இருக்கையில் ஏறவிருந்தது அவளுடைய பிள்ளையும்தான்.

பொய் இதுதான். உன் கூட்டாளி, கராஜ்காரர் பரீத் ஜீப்பைப் பார்த்தாரா என்று கேட்டாய். "ஓம், அடியில படுத்து எல்லாம் பாத்தவர், திறமாம்" என்றேன். பரீத் பார்க்கவில்லை. பார்க்கக் குனிந்தவரை நான் எழுப்பி அனுப்பினேன். அதோடு முடிந்திருந்தால் வயது போனவளின் பிடிவாதம் என்று நீ விட்டுவிடலாம். அந்த வாகனத்தில் பிழை இருக்கிறதென்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் அனுப்பினேன்.

பதினொரு வருடம் டோஹாவில் இருந்துவிட்டு மார்கழியில் குடும்பத்தோடு வந்துவிடப்போகிறாய் என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. வந்து இறங்குமுன் ஒரு வாகனம் வேண்டும் என்றாய். புதியது எட்டாது, பாவித்ததாகவே பார்ப்போம், சின்ன ஜீப் என்றால் பிள்ளைக்கும் எனக்கும் வசதி என்றாய். கொழும்பிலிருந்து வந்த படங்களை எல்லாம் எனக்கு அனுப்பினாய். நான் ஒவ்வொன்றையும் தள்ளினேன். ஒன்று சிவப்பு. ஒன்றின் இருக்கையில் யாரோ சிகரெட்டால் சுட்டிருந்தார்கள். ஒன்றுக்கு என்ன குறை என்று எனக்கே இப்போது ஞாபகமில்லை. நீ பொறுமையாக "சரி அம்மா, வேற பாப்பம்" என்றாய். அப்போதுதான் ஒரு ஞாயிறு, வேதக் கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது, பிலோமினா தன்னுடைய வெள்ளை ஜீப்பை விற்கப்போவதாகச் சொன்னாள். வீடு வந்து சட்டை மாற்றுமுன் உனக்கு அழைப்பு எடுத்தேன். அம்மாவுக்குப் பிடித்த ஒன்று கிடைத்துவிட்டதென்று நீ சிரித்தாய்.

எனக்கு ஏன் பிடித்தது என்பதை நீ கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். இப்போது சொல்கிறேன். பிலோமினாவும் நானும் கொன்வென்ற்றில் ஒரே வகுப்பு. அவள் டாக்குத்தரின் மகள். கறுப்புக் காரில் வந்து இறங்குவாள். என்னுடைய அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கினவர். கன்னியாஸ்திரிமார் என்னைப் பள்ளிக் கட்டணம் வாங்காமல் படிப்பித்தார்கள். ஒருநாள் மழையில் பிலோமினா என்னையும் காரில் ஏறச் சொன்னாள். என் சீருடை நனைந்திருந்தது. நான் ஏறுமுன் அவளுடைய தாய் இருக்கையில் பத்திரிகைத் தாளை விரித்தார். அதில் ஒரு பிழையும் இல்லை. என்னுடைய கதிரையாக இருந்தால் நானும் விரித்திருப்பேன். ஆனால் இறங்கும்போது அந்தத் தாள் என் பாவாடையோடு ஒட்டிக்கொண்டு வந்ததையும், வாசலில் நின்ற பிள்ளைகள் சிரித்ததையும் அறுபது வருடமாக நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, உன் அப்பாவுக்கும் இல்லை. பிலோமினாவுக்கு அது ஞாபகமே இருக்காது. அதற்குப் பிறகு நான் படித்தேன், ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாகி, மேட்ரனாகி, இந்த ஊரின் பெரிய மனிதர்களெல்லாம் என் முன்னால் காற்சட்டையை இறக்கி ஊசி போட்டுக்கொண்டு போனார்கள். போதாதா? போதவில்லை. எழுபத்துநாலு வயதில் அவள் தானே ஓட்டிக்கொண்டு வந்து கோயில் வாசலில் அந்த உயரமான வண்டியிலிருந்து இறங்குவதை ஒவ்வொரு ஞாயிறும் பார்த்துக்கொண்டு நின்றேன். அதே வண்டியிலிருந்து, அதே வாசலில், என் மகன் கதவைத் திறந்துவிட நான் இறங்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதே மாதிரி வேறு வண்டி வேண்டாம். அதே வண்டி.

நீ பரீத்தைப் பார்க்கச் சொல்லியிருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் கிண்ணியாவிலிருந்து வர ஒரு மணித்தியாலம் இருக்கும்போதே நான் உவர்மலையில் பிலோமினாவின் வீட்டுக்குப் போய்விட்டேன். பிலோமினா தேத்தண்ணீர் போடக் குசினிக்குள் போனாள். நான் முற்றத்தில் ஜீப்பைச் சுற்றி வந்தேன். என்னுடைய பழக்கம் உனக்குத் தெரியும். வாட்டுக்குள் போனால் கட்டிலின் மேல் விரிப்பைப் பார்க்கமாட்டேன், கட்டிலின் அடிக்கம்பியில்தான் விரல் வைப்பேன். கை தானாகப் பின்கதவைத் திறந்தது. கம்பளத்தைத் தூக்கி, மேலதிகச் சில்லு வைக்கும் குழிக்குள் பார்த்தேன். மேலே எல்லாம் வாசனைத் தண்ணீர் அடித்துத் துடைத்திருந்தார்கள். குழியின் ஓரத்தில், ஆணியைச் சுற்றி, வெள்ளையாகப் பூத்திருந்தது. அதற்குள் நல்ல மெல்லிய மணல். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

திருகோணமலையில் பிறந்தவளுக்கு அதற்கு மேல் ஒருவரும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. பிலோமினாவின் மகன் றொஷான் நிலாவெளியில் வெளிநாட்டுக்காரரைப் படகில் ஏற்றிக் கடல் காட்டினவன். அந்தப் படகை இழுவையில் வைத்து எதனால் இழுத்தான் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. அந்த நிமிடம் யோசித்தேன். படகை இறக்கவேண்டுமென்றால் வாகனத்தின் பின்பக்கம் கடலுக்குள் போகவேண்டும். ஏற்றவேண்டுமென்றால் திரும்பவும் போகவேண்டும். "கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டும் ஓடின வாகனம்" என்று பிலோமினா சொன்னதை நான் உனக்கு அப்படியே சொல்லியிருந்தேன். நின்றுகொண்டு என்ன செய்தேன் தெரியுமா? கைக்குட்டையை எடுத்து அந்த உப்பைத் துடைத்தேன். கம்பளத்தைச் சரியாக விரித்தேன். கதவைச் சத்தமில்லாமல் மூடினேன். உள்ளே போய்த் தேத்தண்ணீர் குடித்தேன்.

பிறகு பரீத் வந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்தார். நீயும் அவரும் ஒன்றாகப் படித்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து போன அதே சிரிப்பு. தாடி மட்டும் நரைத்துவிட்டது. "மிஸ்ஸி, மச்சான் சொன்னவன், கீழ பூந்து பாத்திட்டுத்தான் எழும்ப வேணுமாம்" என்று சொல்லிக்கொண்டே ஜீப்பின் பின்பக்கம் பாயை விரித்து, விளக்கைக் கையில் எடுத்து, படுக்கக் குனிந்தார். பிலோமினா விறாந்தையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது? சந்தையில மாடு வாங்கிற மாதிரிப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிறியள். என்னில நம்பிக்கை இல்லையோ?"

அவளுக்கு முன்னால் என் முகம் எரிந்தது. "தம்பி, எழும்புங்க. தேவையில்லை. நாங்கள் தெரிஞ்ச இடத்தில வாங்கிறம்" என்றேன்.

"ரெண்டு நிமிசம் மிஸ்ஸி. வந்ததுக்கு ஒருக்காப் பாத்திட்டுப் போறன்."

"வேண்டாம் எண்டு சொன்னனான். எழும்புங்க."

வாட்டில் கதைக்கிற குரலில் சொன்னேன். பரீத் என்னையே பார்த்தார். பிறகு பாயைச் சுருட்டினார். முழங்காலில் மணல் ஒட்டியிருந்தது, தட்டிவிட்டார். "சரி மிஸ்ஸி, நீங்க சொன்னாச் சரி" என்றார். வெயிலில் கிண்ணியாப் பாலம் கடந்து வந்த மனிதருக்கு நான் ஒரு தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. படலை மூடும் சத்தம் கேட்டதும் பிலோமினா எனக்கு இன்னொரு துண்டு கேக் வெட்டினாள். அதையும் சாப்பிட்டேன்.

அன்று பின்னேரம்தான் நீ கேட்டாய், நான் அந்தப் பதிலைச் சொன்னேன். உடனே மூச்சுவிட்டுச் சந்தோசப்பட்டாய். "அப்ப பயமில்லை அம்மா, வந்த உடன கண்டிக்குப் போவம், அங்கயிருந்து நுவரெலியா, பிள்ளைக்குக் குளிர் காட்டவேணும்" என்றாய். அந்த மலை வளைவுகளை நானும் நினைத்துப் பார்த்தேன். நினைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு மூன்று வருடம் ஓடினால் போதாதா, எல்லா வாகனத்திலும் ஏதோ ஒன்று இருக்கத்தானே செய்யும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பேர்த்திக்குக் காய்ச்சல் என்றால் இரவிரவாக உன்னிடம் அளவு கேட்கிற நான்தான் அப்படிச் சொல்லிக்கொண்டேன்.

ஒரு கதை உனக்குத் தெரியாது. நான் வாட்டுப் பொறுப்பில் இருந்தபோது ஒரு இளம் மிஸ்ஸி, காய்ச்சல் பார்க்காமலே அட்டையில் ஒரு எண்ணை எழுதியிருந்தாள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் கண்டுபிடித்து, எல்லோருக்கும் முன்னால் அவளை நிற்கவைத்தேன். "ஒருக்காத்தான் மிஸ்ஸி, கால் நோவில நடக்க ஏலாமல் எழுதிப்போட்டன்" என்று அழுதாள். "ஒருக்கால் போதும்" என்று சொல்லி மேலிடத்துக்கு எழுதினேன். அவளைத் தூர இடத்துக்கு மாற்றினார்கள். அதில் எனக்கு ஒருநாளும் மனம் உறுத்தியதில்லை. அவளுக்காவது கால் நோ. பார்க்காததைப் பார்த்ததாக எழுதினாள், அவ்வளவுதான். நான் பார்த்ததைத் துடைத்துவிட்டு, பார்க்கவந்த மனிதரைத் துரத்திவிட்டு, அவர் பார்த்ததாகவும் சொன்னேன்.

இவ்வளவும் செய்துவிட்டு நான் ஒன்பது நாள் நன்றாகத்தான் இருந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும். நித்திரை வந்தது, சாப்பாடு இறங்கியது. கோயிலில் பிலோமினா "இனி இது உன்ர வண்டியடி" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னபோது இனித்தது. பத்தாம் நாள் நீ எடுத்தாய். வேறு ஏதோ கதைத்துக்கொண்டு போகும்போது இடையில் சொன்னாய்: "பரீத்துக்கு நன்றி சொல்ல எடுத்தனான் அம்மா. ஜீப் எப்பிடியடா எண்டு கேட்டன். மிஸ்ஸியிட்டயே கேளு மச்சான், அவ சொல்லுவா எண்டான். சரியான பிசி போல, உடன வைச்சிட்டான்."

அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். உன்ர அம்மா என்னைப் பார்க்க விடவில்லை என்று ஒரு வசனம் போதும். அதற்கு அவருக்கு முழு உரிமை இருந்தது. சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று எனக்கு இடம் விட்டுவிட்டு நின்றார். என்னைப் பற்றி அவ்வளவு நல்லதாக நினைக்க நான் அவருக்கு ஒரு காரணமும் கொடுத்ததில்லை.

அடுத்த நாள் காலை பஸ் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் உன் அப்பாவைத்தான் நினைத்தேன். இதுவும் உனக்குத் தெரியாத கதை. உனக்குத் தெரிந்த மாதிரி இல்லாத கதை. உனக்கு ஆறு வயதிருக்கும்போது அப்பா ஒரு சனிக்கிழமை ஒரு சின்ன வான் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். சல்லி என்ற ஊரில் ஒரு மீன் வியாபாரியுடையது. நல்ல எஞ்சின், நல்ல விலை. பார்த்துச் சொல்லு என்று என்னைக் கேட்டார். காலையிலிருந்து கதவுகளைத் திறந்து விட்டு, தேசிக்காய் வெட்டித் தேய்த்து, கோப்பித் தூள் தூவி, மணத்தைப் போக்கப் பாடுபட்டார். நீ உள்ளே ஏறி இருந்து ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தாய். நான் வாசலுக்கு வரவே இல்லை. யன்னலுக்குள் நின்று, "மீன் வானில இருந்து இறங்கியோ நான் வாட்டுக்குப் போறது?" என்றேன். அப்பா பின்னேரம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் வந்தார். அந்த வான் அதற்குப் பிறகு பதினைந்து வருடம் இந்த ஊரில் ஓடியது. நான் பலதரம் அதைக் கண்டு முகத்தைத் திருப்பியிருக்கிறேன். அப்பா மழையிலும் பனியிலும் ஸ்கூட்டரில் கந்தளாய்க்கு வேலைக்குப் போய் வந்தார். அவருடைய நெஞ்சு வருத்தத்துக்கு அந்த ஸ்கூட்டர்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், வைத்தியப்படி அது சரியில்லை. ஆனால் எங்களுக்கு ஒரு வாகனம் வாங்க வசதி இருக்கவில்லை என்று நீ இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாய். உன் மனைவிக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாய். வசதி இருந்தது. அம்மாவுக்குத்தான் அந்த வாகனத்திலிருந்து இறங்க மனமில்லை.

பரீத்தின் கராஜில் அவர் ஒரு லொறிக்கு அடியில் கிடந்தார். என் சேலைக் கரையைக் கண்டிருக்கவேண்டும். வெளியே ஊர்ந்து வந்து, ஒரு கதிரையைப் பழைய துணியால் இரண்டு தரம் துடைத்துப் போட்டார்.

"இரிங்க மிஸ்ஸி."

"நான் இருக்க வரேல்லை தம்பி."

"நீங்க நிண்டுகொண்டு கதைச்சா எனக்கு வாட்டில படுத்த மாதிரி இருக்கு. ஊசி போட்டிருவீங்களோ எண்டு பயமா இருக்கு. இரிங்க."

இருந்தேன். உப்பிலிருந்து பொய் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கேட்டார்கள். கேட்கட்டும் என்று குரலைக் குறைக்காமல் சொன்னேன். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"உப்பு எனக்குத் தெரியா மிஸ்ஸி. ஆனா குனியக்குள்ளயே கண்டன், கீழ முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ற். ஆணியில எல்லாம் பூசிக் கிடந்திச்சு. கோயிலுக்கு ஓடின வாகனத்துக்கு ஏன் கீழ பெயின்ற் அடிக்கணும்?"

"அப்ப ஏன் மகனுக்குச் சொல்லேல்லை?"

"வெள்ளிக்கிழமைதானே காசு அனுப்பப்போறான், வியாழக்கிழமை வரைக்கும் பாத்திட்டுச் சொல்லத்தான் இருந்தன். அவன் என்ட கூட்டாளி, அவன்ட பிள்ளை ஏறப்போற வாகனம். நான் விட்டிருக்க மாட்டன். ஆனா நான் சொன்னா வாகனத்துக் கதை மட்டும்தான் முடியும். நீங்க சொன்னா நல்லம் எண்டு நினைச்சன்" என்றார். பிறகு யாரையோ கூப்பிட்டு எனக்குப் பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார். அவருக்கு நான் கொடுக்காத தண்ணீரின் ஞாபகத்தோடு அதைக் குடித்தேன். அதைவிடக் கசப்பான மருந்தை நான் ஒருவருக்கும் கொடுத்ததில்லை.

என்னோடு திரும்ப வந்து பார்ப்பீர்களா என்று கேட்டேன். லொறிக்காரரிடம் நாளைக்கு வரச் சொல்லிவிட்டு உடனே புறப்பட்டார்.

பிலோமினா எங்கள் இருவரையும் ஒன்றாகக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பவில்லை. "தம்பி இண்டைக்குப் பாக்கப்போறார், பிலோமினா. நான் அண்டைக்குத் தடுத்தது பிழை" என்றேன். "பாக்கட்டும்" என்றாள். பரீத் பாயை விரித்து உள்ளே போனார். நாங்கள் இருவரும் விறாந்தையில் இருந்தோம். கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் அசையாமல் நின்றது, அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நீ நக்கிப் பாத்ததைக் கண்டனான்" என்றாள் பிலோமினா.

எனக்கு விளங்கவில்லை என்பதுபோல அவளைப் பார்த்தேன்.

"குசினி யன்னலால முத்தம் தெரியுமடி. டிக்கிக்குள்ள கையை விட்டு, விரலை நக்கி, லேஞ்சியால துடைச்சதைக் கண்டனான். சரி, முடிஞ்சுது, இனி இவள் கத்தப்போறாள் எண்டு கேத்திலோட நிண்டன். நீ வந்து ஒண்டும் நடக்காத மாதிரிச் சீனி போதும் எண்டாய். தெரிஞ்சுகொண்டுதான் வாங்கிறாள், இவளுக்கு வண்டி வேணும் போல எண்டு நினைச்சன். அப்ப நான் ஏன் வாய் திறக்கவேணும்?"

மகன், என் வாழ்க்கையில் என்னை ஒருவரும் அப்படி நிறுத்தியதில்லை. பத்திரிகைத் தாள் ஒட்டிய பாவாடையோடு நின்றபோதுகூட நான் குற்றம் செய்தவளாக நிற்கவில்லை. நேற்று அப்படி நின்றேன். அவள் ஏமாற்றினாள்தான். ஆனால் ஏமாற்றுவதற்கு இரண்டுபேர் வேண்டியிருந்தது, மற்றவள் நான்.

பரீத் வெளியே வந்தார். நெற்றியிலிருந்து துருத்தூளைத் துடைத்தார். "மிஸ்ஸி, இது ஜீப் இல்ல, கருவாடு" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு பிலோமினாவிடம் திரும்பிச் சொன்னார். இழுவை கொழுவுகிற இரும்பைக் கழற்றிவிட்டு ஓட்டைகளை அடைத்திருக்கிறார்கள். பின் சில்லுகளைத் தாங்குகிற இரும்பைச் சுத்தியலால் தட்டினால் தட்டுத் தட்டாகக் கழன்று விழுகிறது. பிரேக் எண்ணெய் ஓடுகிற குழாய் ஒன்று பெயின்ற்றினால் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. "அம்மா, நீங்களும் இனி இதை ஓட வேணாம். ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு இறக்கத்தால போயிருப்பீங்க. அல்லாஹ் காப்பாத்தினது."

பிலோமினா ஜீப்பைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்குப் பிரேக் கதை தெரியாது தம்பி. உப்புத் துரு எண்டு மட்டும்தான் தெரியும். றொஷான் பெயின்ற் அடிச்சு வைச்சிட்டு, வில்லுங்க அம்மா எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டான். ரெண்டு மாசமாய் ஒரு அழைப்பும் இல்லை. இந்தச் சாமான் முத்தத்தில நிக்கிறதைப் பாக்க ஏலாது எனக்கு" என்றாள். நான் தடுத்த நாளில் பரீத் இரண்டு நிமிடம் கீழே படுத்திருந்தால், அவள் அதற்குப் பிறகு வந்த ஞாயிறு அந்த இறக்கத்தில் ஓட்டியிருக்கமாட்டாள். என் பொய் உங்களுக்கு மட்டும் வைத்த கண்ணி என்று நினைத்திருந்தேன். அவளும் அதற்குள்தான் இருந்திருக்கிறாள். பரீத் சாவியை அவளிடம் வாங்கி, மேசையில் வைக்காமல், உள்ளே அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். அவள் பிள்ளை மாதிரி எழும்பிப் போய் வைத்தாள்.

வாங்கலாமா என்று பரீத்திடம் கேட்டேன். "பின்பக்கம் முழுக்க மாத்தினா ஓடும் மிஸ்ஸி. முன்பக்கத்துக்கு எத்தனை நாள் எண்டு நான் சொல்ல ஏலாது. நான் எண்டா வாங்கமாட்டன். ஆனா மச்சான்ட கதை, அவன்தான் முடிவெடுக்கோணும்" என்றார். என்னுடைய அபிப்பிராயமும் வேண்டாம் என்பதுதான். ஆனால் என் அபிப்பிராயத்தை இனிமேல் நீ எந்த வாகனத்துக்கும் கேட்காதே. ஒன்று வாங்கும்போது அதை யார் ஆசைப்படுகிறார்கள் என்று பார். ஆசைப்படுகிறவரை ஆலோசனை கேட்காதே, அது அம்மாவாக இருந்தாலும். பார்க்கத் தெரிந்தவர் முதலில் பார்க்கட்டும், தேத்தண்ணீர் பிறகு குடிக்கலாம். விற்கிறவர் தெரிந்த மனிதர் என்றால் இன்னும் இரண்டு தரம் பார். தெரிந்தவரிடம் கேட்க வெட்கப்பட்டுத்தான் நான் இவ்வளவுக்கும் வந்தேன். இந்த எளிய விடயங்களை ஒரு மேட்ரன் மகனுக்குக் கடிதத்தில் எழுதவேண்டி வந்ததே ஒரு வெட்கம்.

திரும்பி வரும்போது பரீத் சொன்னார், "மிஸ்ஸி, வாகனம் வாங்கேல்ல எண்டா விசயம் முடிஞ்சிச்சு. பிழை இருந்திச்சு, ரெண்டாந்தரம் பாக்கக்குள்ள பிடிச்சம் எண்டு நான் அவனுக்குச் சொல்றன். மிச்சம் தேவையில்ல." எனக்கு நீட்டிய கை அது. பிடித்திருந்தால் உன் கண்ணில் நான் பழைய அம்மாவாகவே இருந்திருப்பேன். இரவு முழுவதும் அந்த வசனம் எனக்கு மிக அழகாகத் தெரிந்தது. சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி முடித்துவிடலாம் என்றும் பார்த்தேன். ஆனால் நான் பொய் சொன்னது சுவாமியாருக்கு இல்லை. காலையில் எழும்பி இந்தத் தாளை எடுத்தேன்.

வாசித்து முடித்ததும் எனக்கு எடு. நீ சின்ன வயதிலிருந்தே நான் வருந்துவதைப் பார்க்கப் பொறுக்காமல் உடனே கதையை மாற்றிவிடுகிறவன். இந்த முறை மாற்றாதே. பிள்ளையை அந்தப் பின் இருக்கையில் வைத்து நினைத்துப் பார்த்துவிட்டு, என்ன வருகிறதோ அதைச் சொல்லு. உன் மனைவிக்கும் சொல்ல இருந்தால் அவளும் சொல்லட்டும். நான் இடையில் ஒன்றும் பேசமாட்டேன், முழங்காலைப் பற்றியும் கதைக்கமாட்டேன். எல்லாம் கேட்டு முடித்த பிறகு நான் ஒன்று மட்டும் கேட்பேன்: உன்னிடம் நான் சொல்வதை இனியும் நம்புவாயா என்று. அதற்கு உடனே ஓம் என்று சொல்லாதே. யோசித்துச் சொல்லு.

அம்மா